கொடையோடு உரிமையையும் தந்தவர்

பெரம்பலூர் மாவட்டத்திலுள்ள பூலாம்பாடி எனது சொந்த ஊர். பச்சைமலைக்கு அருகில், மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் வட்டாரம் அது. மழையை நம்பிய வேளாண்மை கைவிட்ட காலங்களில் எங்கள் ஊரார் பலர் கடல் கடந்து மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று பொருளீட்டினர். அவர்களுள் சிலர் ஒன்றுகூடி, அண்மையில் ஒரு சிறிய அறநிதியை ஏற்படுத்தினர். மருத்துவ ஆய்வில் ஈடுபடும் இளையோருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்குவது அதன் நோக்கம். மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் ஐவர் குழுவுக்கு என்னைத் தலைவராக்கினர்.

மூன்று உதவித்தொகைகளுக்கு 11 விண்ணப்பங்கள் வந்திருந்தன. முதல் கூட்டத்துக்கு முன்பே இரண்டு சிக்கல்கள் எழுந்தன. நிதி வழங்கியோருள் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, நம்மூர்ப் பிள்ளைகளுக்கே முதலிடம் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய பணம், அவருடைய ஊர், அவர் கேட்டதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது சிக்கல் என்னைச் சார்ந்தது. பதினொன்றில் ஒரு விண்ணப்பம் என் தங்கை மகனுடையது.

அந்த இரவில் என் நினைவுக்கு வந்தவர் சர் தோராப்ஜி டாடா. இந்தியாவில் எஃகு ஆலையை எழுப்பியவர் என்று அவரைப் பலரும் அறிவர். மருத்துவ ஆய்வுக்கு எப்படிப் பணம் தர வேண்டும் என்பதற்கு அவர் விட்டுச்சென்ற முன்மாதிரியைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

1859 ஆகஸ்ட் 27-இல் பம்பாயில், ஜாம்செட்ஜி டாடாவின் மூத்த மகனாகப் பிறந்தவர் தோராப்ஜி. இளம் வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1877-இல் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். அங்கு அவர் படிப்பைவிட விளையாட்டில் அதிக நாட்டம் காட்டினார். இரண்டாண்டுகளில் நாடு திரும்பி, பம்பாய் புனித சேவியர் கல்லூரியில் 1882-இல் பட்டம் பெற்றார். தந்தையின் நிறுவனத்தில் உடனே அமர்ந்துவிடவில்லை; ஈராண்டுகள் பத்திரிகையில் பணியாற்றிய பிறகே வணிகத்துக்குள் நுழைந்தார்.

ஜாம்செட்ஜி 1904-இல் மறைந்தபோது எஃகு ஆலை, நீர்மின் திட்டம், அறிவியல் ஆய்வுக்கான உயர்கல்வி நிறுவனம் ஆகிய மூன்று கனவுகள் முடிவுறாமல் நின்றன. அவற்றை நிறைவேற்றும் பொறுப்பு தோராப்ஜியின் தோளில் விழுந்தது. தம்பி ரத்தன்ஜி அவருக்குத் துணை நின்றார்.

எஃகுக்கான இரும்புத்தாது தேடலில் தோராப்ஜி நேரடியாக ஈடுபட்டார். நாகபுரி அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு நிலவியல் வரைபடம் அவர் கண்ணில் பட்டது. துர்க் மாவட்டத்தில் இரும்புத்தாது மிகுந்திருப்பதை அது காட்டியது. நிலவியலாளர் பி.என். போஸ் பல ஆண்டுகளுக்கு முன்பு செய்த ஆய்வின் பயன் அது. வல்லுநர்கள் அந்த இடத்தை ஆராய்ந்தனர். தாது உயர்தரமானது, ஆனால், ஆலைக்குத் தேவையான நிலக்கரியும் நீரும் அருகில் போதுமான அளவில் இல்லை. அந்த முடிவை ஏற்று அவ்விடத்தைக் கைவிட்டனர். பின்னர் அதே போஸ், மயூர்பஞ்ச் பகுதியின் இரும்பு வளத்தைப் பற்றிக் கடிதம் எழுதினார். அதைப் பின்தொடர்ந்தே இன்றைய ஜாம்ஷெட்பூர் உருவாயிற்று.

இந்த நிகழ்வை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தானே கண்டெடுத்த இடம் என்ற பற்று இருந்தும், அறிந்தவர்கள் வேண்டாம் என்றபோது விலகும் பக்குவம் தோராப்ஜிக்கு இருந்தது. பணம் உடையவர்களிடம் அரிதாகவே காணப்படும் பண்பு இது.

ஆலைக்கு முதல் திரட்ட லண்டன் சந்தையை அணுகியபோது உரிய வரவேற்பு கிடைக்கவில்லை. 1907-இல் இந்திய மக்களிடமே சென்றனர். மூன்றே வாரங்களில் சுமார் 8,000 இந்தியர்கள் பங்குகளை வாங்கினர். 1912-இல் முதல் எஃகு வெளிவந்தது. இதற்கிடையே பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனம் 1909-இல் உருப்பெற்றது. அதற்கான நிலத்தை மைசூர் அரசு அளித்தது. டாடா குடும்பம் பெருநிதி அளித்தும், அந்நிறுவனத்தின் பெயரில் டாடா என்ற சொல் இல்லை. பெங்களூர் மக்கள்தாம் தாமாகவே அதை டாடா இன்ஸ்டிடியூட் என்று அழைத்து வருகின்றனர்.

விளையாட்டிலும் அவர் ஒரு பாடம் கற்றார். புணேயின் டெக்கான் ஜிம்கானாவில் நடந்த ஓட்டப் பந்தயங்களில், காலணியின்றி ஓடிய உழவர் வீட்டு இளைஞர்களின் திறன் அவரை வியக்க வைத்தது. தம் சொந்தப் பணத்தில் ஒரு சிறு அணியை 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு அனுப்ப உதவினார். வெற்றி கிட்டவில்லை. அடுத்த முறை வழி மாறியது. சென்னையில் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக் போன்றோரின் துணையுடன், மாகாணந்தோறும் போட்டிகள் நடத்தி வீரர்களைத் தெரிவு செய்யும் ஏற்பாடு உருவாயிற்று. அவ்வாறு தேர்வானோரே 1924-இல் பாரிஸ் சென்றனர். கண்ணில் பட்டவர்களை அனுப்புவதற்கும், காணாத ஊரிலிருப்பவனுக்கும் வாய்ப்புத் தந்து அனுப்புவதற்கும் இடையிலான வேறுபாட்டை அவர் அங்கே கண்டிருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன்.

தோராப்ஜியின் மனைவி மெஹர்பாய், மைசூர் சமஸ்தானத்தின் கல்வித் துறைத் தலைவராக விளங்கிய ஹோர்முஸ்ஜி பாபாவின் மகள். அணு அறிவியலாளர் ஹோமி பாபாவின் அத்தை. கணவரைவிட இருபது வயது இளையவர். புடவை அணிந்தே டென்னிஸ் ஆடி, பல போட்டிகளில் பரிசு பெற்றவர். குழந்தைத் திருமணத்தை எதிர்த்தும் பெண் கல்வியை வலியுறுத்தியும் நாடெங்கும் அயல்நாடுகளிலும் பேசியவர். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

மனைவிக்காக அவர் வாங்கியது ஜூபிலி வைரம். 245 காரட்டுக்கும் மேற்பட்ட எடையுடைய அது, கோஹினூரைப் போல இரு மடங்குக்கும் பெரியது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய நெருக்கடியில், 1924-இல் எஃகு ஆலைத் தொழிலாளர்களுக்கு ஊதியம் தரவும் பணமில்லை என்ற நிலை வந்தது. தம் சொந்தச் சொத்துகள் அனைத்தையும், மனைவியின் அந்த வைரம் உள்ளிட்ட நகைகளையும் இம்பீரியல் வங்கியில் ஈடு வைத்துக் கடன் பெற்றார் தோராப்ஜி. ஆலை மீண்டது, ஈடும் மீண்டது.

மீட்க முடியாத இழப்பு ஏழாண்டுகளுக்குப் பின் வந்தது. 1931 ஜூன் 18-இல் மெஹர்பாய், வேல்ஸில் உள்ள மருத்துவ இல்லம் ஒன்றில் இரத்தப் புற்றுநோயால் உயிரிழந்தார். அந்நோய்க்குப் பெயர் சூட்டப்பட்டு அப்போது ஏறத்தாழ 85 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும், மருத்துவர்களின் கையில் இருந்தவை ஆர்செனிக் கரைசலும் எக்ஸ் கதிர்களும்தாம். அவை சிறிது காலம் தணிக்குமே தவிர, குணப்படுத்தா. இந்தியாவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர், தம் செல்வத்தால் வாங்க முடிந்தது ஏதுமில்லை என்ற நிலையில் நின்றார்.

அடுத்த ஓராண்டுக்குள் அவர் செய்தவை வியப்புக்குரியவை. 1932 மார்ச்சில், ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள தம் சொத்துகளையெல்லாம் சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். இடம், இனம், சமயம் என்ற வரம்பு எதனையும் அதற்கு விதிக்கவில்லை. ஏப்ரலில் லேடி டாடா நினைவு அறக்கட்டளையை நிறுவினார். பின்னர் மனைவியின் நினைவிடம் நோக்கி ஐரோப்பாவுக்குப் பயணமானார். முதலாம் நினைவு நாளுக்குப் பதினைந்து நாள்களே இருந்த நிலையில், ஜூன் 3-இல் ஜெர்மனியின் பாட் கிஸ்ஸிங்கன் நகரில் மறைந்தார். இங்கிலாந்தின் புரூக்வுட் இடுகாட்டில் இருவரும் அருகருகே துயில்கின்றனர்.

லேடி டாடா நினைவு அறக்கட்டளையின் அமைப்பைத்தான் நான் அந்த இரவில் நினைத்தேன். அதன் வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு, உலகின் எந்நாட்டவராயினும் இரத்தப் புற்றுநோயை ஆராய்பவர்களுக்கு. எஞ்சிய ஒரு பங்கு, மனிதரின் நோய்த் துயரைத் தணிக்கும் ஆய்வுகளுக்காக இந்தியாவுக்கு. அடிமைப்பட்டிருந்த ஒரு நாட்டின் பணம், ஆண்டவர்களின் நாடு உள்ளிட்ட வெளிநாடுகளின் ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றது. 1930-களில் அமெரிக்காவின் ஜேக்கப் ஃபர்த், டென்மார்க்கின் எங்கல்பிரெத்-ஹோல்ம் போன்றோர் எலிகளிலும் கோழிகளிலும் இந்நோயை ஆராய அந்த நிதி துணை நின்றது.

அதில் நியாயம் எங்கே இருந்தது? கொடையாளர் ஒரு நோயைக் குறித்தார், ஆளைக் குறிக்கவில்லை. இந்தியாவுக்கு ஒரு பங்கு என்பதை முன்கூட்டியே, எல்லோரும் அறியச் சொன்னார். அயல்நாட்டு விண்ணப்பங்களை எடைபோடுவது லண்டனில் இயங்கும் அறிவியல் ஆலோசனைக் குழுவின் பொறுப்பாயிற்று. உதவி பெற்றோரின் பெயர்களும் அவர்களின் ஆய்வுப் பொருளும், மெஹர்பாயின் நினைவு நாளையொட்டி அறிவியல் இதழ்களில் வெளியாயின. யாருக்குக் கொடுத்தோம், எதற்காகக் கொடுத்தோம் என்று ஊரறியச் சொல்லும் கட்டாயம் இருந்தால், காரணமின்றிக் கொடுப்பது கடினம்.

அதாவது, பணத்தோடு சேர்த்து, அதை யாருக்குத் தருவது என்று தீர்மானிக்கும் உரிமையையும் தோராப்ஜி கொடுத்துவிட்டார். கொடைகளில் கடினமானது இந்த இரண்டாவது கொடைதான். இங்கிலாந்தில் மருந்து வணிகர் ஹென்றி வெல்கம் 1936-இல் மறைந்தபோது, அவருடைய உயிலின்படி உருவான அறக்கட்டளையும் இதே போன்ற பாதையில்தான் உலகின் பெரிய மருத்துவ ஆய்வு அறநிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

கொடையாளர் விலகி நின்றுவிட்டால் நியாயம் தானே வந்துவிடுமா? வராது. அறிந்தவர்களும் மனிதர்களே. இதற்கு மெஹர்பாயைக் கொன்ற நோயோடு தொடர்புடைய ஒருவரின் வாழ்வே சான்று. எல்லப்பிரகடா சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியதால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார்; எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகத் தகுதியில் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. மாமனாரின் உதவியும், காக்கிநாடாவைச் சேர்ந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிதியின் உதவியும் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றன. அங்கு லெடர்லி ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழு உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொண்டுதான், பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளிடம் அந்நோயைத் தற்காலிகமாகவேனும் பின்வாங்கச் செய்தார். அந்த முடிவுகள் 1948-இல் வெளியாயின. கற்றறிந்த ஒரு தேர்வாளர் உடையைப் பார்த்தார். ஓர் ஊரின் சிறிய அறநிதி அறிவைப் பார்த்தது. பிந்தையது இல்லாதிருந்தால் உலகம் எவ்வளவு காலம் காத்திருந்திருக்குமோ.

எனக்கும் ஒரு வடு உண்டு. இளம் விரிவுரையாளனாக இருந்தபோது, பருத்திக்குப் பூச்சிமருந்து தெளிக்கும் கூலித் தொழிலாளர்களின் இரத்தத்தை ஆராய ஒரு நிறுவனத்திடம் நிதி கேட்டு விண்ணப்பித்தேன். மருந்தடித்துவிட்டு வரப்பில் தலைசுற்றி விழுந்தவர்களைச் சிறு வயதிலிருந்தே எங்கள் ஊர்க் காடுகளில் பார்த்தவன் நான். எட்டு மாதங்களுக்குப் பின் ஒற்றை வரியில் மறுப்பு வந்தது. காரணம் சொல்லப்படவில்லை. நிதி பெற்றவர், குழு உறுப்பினர் ஒருவரின் மாணவர் என்பது பிறகு தெரிந்தது. அவருடைய திட்டம் என்னுடையதைவிடச் சிறந்ததாகவே இருந்திருக்கலாம். அப்படித்தான் என்று நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் கொடுக்கப்படவில்லை என்பதே என் குறை. அந்த ஆய்வை நான் செய்யவே இல்லை.

ஆகவே, என் தங்கை மகனின் விண்ணப்பம் பேசப்படும்போது அறையைவிட்டு வெளியேறுவது என்று முதலில் முடிவு செய்தேன். அது போதும் என்றும் எண்ணினேன். போதாது என்பதை 1997-இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு எனக்கு நினைவூட்டியது. சுவீடனின் மருத்துவ ஆய்வு மன்றம் வழங்கிய உதவித்தொகைகளின் மதிப்பீட்டுத் தாள்களை, கிறிஸ்டின் வெனெராஸ், ஆக்னஸ் வோல்ட் என்ற இரு பெண் அறிவியலாளர்கள் போராடிப் பெற்று ஆராய்ந்தனர். ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே மதிப்பெண்ணைப் பெற, ஒரு பெண் இரண்டரை மடங்கு ஆய்வுச் சாதனை காட்ட வேண்டியிருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. குழு உறுப்பினரோடு தொடர்புடைய விண்ணப்பதாரருக்கு, அந்த உறுப்பினர் மதிப்பெண் இடாமல் விலகியிருந்தபோதும், மற்றவர்கள் கூடுதல் மதிப்பெண் அளித்திருந்தனர். தலைவர் வெளியே போனாலும் அவருடைய நாற்காலி அறையிலேயே இருக்கிறது.

இதனை மற்ற நால்வரிடமும் வெளிப்படையாகச் சொன்னேன். தலைவர் பொறுப்பை அந்த ஆண்டுக்கு வேறொருவர் ஏற்றார். விண்ணப்பங்களிலிருந்து பெயரும் ஊரும் கல்லூரியும் நீக்கப்பட்டன. ஒவ்வொன்றும் எங்கள் வட்டாரத்தோடு தொடர்பில்லாத இரு வல்லுநர்களுக்கு அனுப்பப்பட்டது. கேள்வி முக்கியமானதா, வழிமுறை சரியானதா, கேட்கும் காலத்திலும் பணத்திலும் செய்து முடிக்கத்தக்கதா என்ற மூன்று அளவுகோல்கள் முன்னரே எழுதப்பட்டன. மறுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் காரணத்தோடு ஒரு பக்கக் கடிதம் எழுதுவது என்றும் முடிவாயிற்று.

இவ்வளவு செய்தும், மூன்றாம் இடத்துக்கு இரு விண்ணப்பங்கள் ஏறத்தாழச் சமமாக நின்றன. அரை மதிப்பெண் வேறுபாட்டை அறிவின் தீர்ப்பு என்று சொல்வது நேர்மையாகாது. நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம், புதுமையான முயற்சிகளுக்கான ஒரு திட்டத்தில், தகுதி பெற்றவற்றுள் சீட்டுக் குலுக்கி நிதி வழங்கும் முறையை 2013 முதல் பின்பற்றியது. குழுவும் அவ்வாறே செய்தது. உத்தரமேரூர்க் கல்வெட்டு காட்டும் குடவோலை முறையை அறிந்த நமக்கு இது புதிதன்று. அங்கும் முதலில் தகுதி பார்த்தார்கள். அதன் பிறகே ஓலையைக் குடத்தில் இட்டார்கள். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் விலக்கி வைத்தார்கள்.

நிதி வழங்கிய அன்பருக்கு நான் தோராப்ஜியின் ஐந்தில் ஒரு பங்கைப் பற்றி எழுதினேன். தம் நாட்டின்மீது அவருக்கு இருந்த பற்றை அவர் மறைக்கவில்லை. அதன் அளவை முன்கூட்டியே அறிவித்தார். நம்மூர்ப் பற்றுக்கும் அதே வழி உண்டு. அடுத்த ஆண்டு முதல் மூன்றில் ஓர் உதவித்தொகை நம் மாவட்டத்தாருக்கு என்று அறிவிப்பிலேயே சொல்லிவிடலாம். அதற்குள்ளும் தகுதியே தீர்மானிக்கட்டும். இந்த ஆண்டு மட்டும், சொல்லாத விதியைப் புகுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சில நாள் அமைதிக்குப் பின் அவர் ஒப்புக்கொண்டார். தொலைவிலிருந்து உழைத்துச் சேர்த்த பணத்தின்மீதுள்ள பிடியைத் தளர்த்துவது எளிதன்று என்பதை அறிவேன். அதனால்தான் அவர் ஒப்புதலை அவர் தந்த பணத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

என் தங்கை மகன் தேர்வாகவில்லை. அவனுக்கு ஐந்தாம் இடம். தங்கை என்னோடு இரண்டு மாதங்கள் பேசவில்லை. ஊர்த் திருமணம் ஒன்றில் எதிரே வந்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமன் தலைவராக இருந்தும் மருமகனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறவினர் பேசியது என் காதுக்கும் வந்தது. ஆனால், அவன் ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தான். கையில் மறுப்புக் கடிதம் இருந்தது. கேள்வி மிக அகன்றது, ஓராண்டில் முடியாது என்று வல்லுநர் எழுதியிருந்த பத்தியின் கீழ்க் கோடிட்டிருந்தான். இது சரிதான் மாமா, சுருக்கி எழுதி அடுத்த ஆண்டு மறுபடி அனுப்புகிறேன் என்றான்.

எனக்கு அன்று கிடைத்த ஒற்றை வரியை எண்ணிக்கொண்டேன். அதில் ஒரு பத்தி காரணம் இருந்திருந்தால், நானும் சுருக்கி எழுதி அனுப்பியிருப்பேன். அறநிதிகள் எல்லோருக்கும் பணம் தர இயலாது. எல்லோருக்கும் காரணம் தர இயலும். தம் துயரின் நடுவிலும் யாரென்று தெரியாத ஆய்வாளர்களை நம்பித் தம் செல்வத்தை ஒப்படைத்துச் சென்ற தோராப்ஜிக்கு, நம் போன்ற சிறிய குழுக்கள் செலுத்தக்கூடிய நன்றி அவ்வளவுதான். அடுத்த ஆண்டும் அவனுடைய விண்ணப்பம் வரும். அடுத்த ஆண்டும் நான் அந்த நாற்காலியில் அமரப்போவதில்லை.